வெளுக்காத பல்

மாசிலாமணியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் வந்து, ‘என்ன அம்சா, நீ ஒரு பக்கமாகவே பேசுகிறாயே’ என்று யாரும் என்னைக் கேட்கக்கூடாது பாருங்கள். ஆமாம், ஒரு பக்கமாகத்தான் பேசுகிறேன். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அந்தச் சுவரோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு, எந்தப் பக்கம் பேச வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் தெரு திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற ரோட்டில் இருக்கிறது. மாசிலாமணிதான் வீட்டுச் சொந்தக்காரர், நான் மூன்று வருஷமாக வாடகைக்கு இருக்கிறேன். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டைத் தரகு பார்க்கிறார், வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, நாலு பேர் எழுந்து வணக்கம் வைக்கிற ஆள். தெருவில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவரும் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “பொம்பளய கைநீட்டி அடிக்கிறவன் ஒரு ஆம்பளயாடா? எங்க வூட்ல வந்து பாரு. இத்தினி வருசத்துல நான் ஒரு கை ஓங்கனது கெடையாது” என்பார். தெருவே தலையாட்டும். அவர் மனைவி பிரபாவதி அக்கா பக்கத்தில் இருந்தால் புடவைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொள்வாள். அதை வெட்கம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

கை ஓங்கி நானும் பார்த்ததில்லை. ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அப்பப்பா! குழம்பில் உப்பு குறைந்தால் ஒரு வசவு, சட்டையில் பொத்தான் இல்லாவிட்டால் ஒரு வசவு. அக்காவிடமிருந்து பதில் சத்தமே வராது. சட்டி பானை உருட்டுகிற சத்தம்கூட வராது. அந்த அமைதிதான் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இது நடந்தது போன ஆனியில். மழை வருகிற மாதிரி மேகம் கூடும், பிறகு காற்றடித்துக் கலைத்துவிட்டுப் போகும். நிலம் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் சாக்கை விரித்துப் பெண்கள் உட்காருவோம். காயின் மேல் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, காயின் மூக்கில் அழுத்தினால் ஓடு பிளக்கும். பருப்பின் சிவப்புத் தோல் கிழியக்கூடாது, கிழிந்தால் விதைக்கு ஆகாது. நேரம் போகப்போகக் கட்டை விரல் வீங்கிக்கொள்ளும். வீங்கினால் பல்லால் கடித்து உடைப்போம். எதிர் வீட்டு அம்மணி முழுக்கப் பல்லிலேயே உடைப்பாள். பிரபாவதி அக்கா மட்டும் ஒரு காயைக்கூட வாயில் வைக்க மாட்டாள். கொய்யாப் பழம் கொடுத்தால் கத்தி கேட்பாள். பொங்கலுக்குக் கரும்பு கடித்து நான் பார்த்ததே இல்லை.

“மகாராணி வூட்டுப் பழக்கம்டி, நம்மள மாதிரியா?” என்று அம்மணி கிண்டல் பண்ணுவாள். அக்கா உதடு பிரியாமல் சிரிப்பாள்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் இசைவாணி வந்து இறங்கினாள். அக்காவுக்கு ஒரே மகள். தை மாதம்தான் கண்டாச்சிபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தென்னரசு செல்போன் கடை வைத்திருக்கிறான். தோளில் பை, கையில் ஒரு அட்டைப்பெட்டி, முகத்தில் மாஸ்க். ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டு யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

“என்னாடி, ஆடிக்கு இன்னும் நாளு கீதே, அதுக்குள்ள வந்துட்டா?” என்றாள் அம்மணி.

“தலை ஆடி இல்லியா, அதான் முன்னாடியே அழைச்சினு வந்துட்டோம்” என்று அக்கா சொன்னாள். அவள் அழைத்துவரப் போகவே இல்லை என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். காலையிலிருந்து எங்களோடு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தவள் எப்போது கண்டாச்சிபுரம் போய் வந்தாளாம்? ஆனால் யாரும் கேட்கவில்லை. ஆடியில் புதுப்பெண் தாய் வீட்டில் இருப்பது வழக்கம்தானே. அந்த வழக்கத்துக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்.

மாஸ்க்கைக் கழற்றிய பிறகுதான் பார்த்தேன். இடது கன்னம் வீங்கியிருந்தது. ஈறு முழுக்க வெந்து, அங்கங்கே வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. கன்னத்துக்கு ஒரு காரணம், ஈறுக்கு வேறொரு காரணம். இரண்டுக்கும் சேர்த்துக் காரணம் அந்த அட்டைப்பெட்டி.

அதற்குள் என்னென்னவோ இருந்தது. பல் தேய்க்கக் கரித்தூள் டப்பா ஒன்று. அடுப்புக்கரியில் தேய்த்தால் நாகரிகம் இல்லை என்று நம்மைச் சொல்லிவிட்டு, அதையே டப்பாவில் அடைத்து விற்கிறார்கள், வயிறு எரியாதா? அப்புறம் ஊதா கலரில் ஒரு பேஸ்ட். வாயில் கடித்துக்கொண்டால் நீல வெளிச்சம் அடிக்கிற ஒரு கருவி. கடைசியாக, பசை தடவின மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகள், பல்லின் மேல் ஒட்டிக்கொள்வதற்கு. எல்லாம் ஆன்லைனில் வாங்கியவை.

“அவருதான்க்கா” என்றாள் இசைவாணி என்னிடம். என்னை அவளும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். “கடைக்கு வர்ற ஃபிரண்டுங்க முன்னாடி, ‘எம் பொண்டாட்டி சிரிச்சா டியூப்லைட்டு இல்ல, மஞ்ச பல்புதான் எரியும்’னு சொல்லுவாரு. அவங்கல்லாம் சிரிப்பாங்க. சரி, வெளுத்துக் காட்டிடலாம்னு வாங்கனேன். எது நல்லதுன்னு தெரில, எல்லாத்தையும் வாங்கிட்டேன்.”

“அதுக்கு ஈறு எப்படிடீ வெந்துச்சு?”

“ஒரு நாளைக்கு ஒருவாட்டி அரைமணி நேரம் ஒட்டணும்னு போட்டிருக்குது. நான் காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணுன்னு ஒட்டனேன். நடுவுல கரித்தூள் போட்டுத் தேச்சேன். ஜல்தியா வெளுக்கட்டும்னுதான். ஈறு மேல பட்டுடுச்சு. தண்ணி குடிச்சாகூட மண்டையில சுரீர்னு ஏறுது. சாப்பிட முடியலன்னு அழுதேன். அவரு, ‘உன்ன எவன் போடச் சொன்னான்’னாரு. ‘நீதான சொன்ன’ன்னேன். அவ்ளோதான்.”

அவள் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். அது முதல் தடவை இல்லையாம். சித்திரையிலேயே ஆரம்பித்துவிட்டதாம்.

“நான் போவ மாட்டேன்க்கா. ஆடி முடிஞ்சாலும் போவ மாட்டேன்.”

அன்று சாயந்திரம் கமிட்டியிலிருந்து மாசிலாமணி வந்தார். மகளை உட்காரவைத்து எல்லாம் கேட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் மிஷினை நிறுத்திவிட்டு நானும் கேட்டேன். நியாயம் பேசுகிற மனிதராயிற்றே, மாப்பிள்ளையைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பார் என்றுதான் நினைத்தேன்.

“சரி, ஆடி முடியட்டும். அவங்கள வரச்சொல்லி ரெண்டு வார்த்த சொல்லி அனுப்பறேன். ஆவணி ஒண்ணாந்தேதி நீ அங்க இருக்கணும்” என்றார்.

“யப்பா, அவரு அடிக்கிறாருப்பா.”

“கோவத்துல ஒரு தட்டு தட்டியிருப்பான். நீ எதுத்துப் பேசாம இருந்தா ஏன் தட்டப்போறான்? உங்கம்மாள பாரு. என்னிக்காவது எதுத்துப் பேசியிருக்கிறாளா? நான் என்னிக்காவது கை ஓங்கியிருக்கறனா?”

நான் மறுபடி மிஷினை ஓட்ட ஆரம்பித்தேன்.

மறுநாள் இசைவாணி அந்தப் பெட்டியைக் குப்பையில் போடப் போனாள். அக்கா பிடுங்கிக்கொண்டாள். “காசு குடுத்து வாங்கனத எதுக்குடி எறியற? இந்த ஒட்டறது அப்படியே பிரிக்காத கீது பாரு. உனக்கு ஆவலன்னா நான் ஒட்டிக்கறேன்.” மீந்த சாதத்தில் வடாம் போடுகிறவள், பழைய புடவையில் தலையணை உறை தைக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவருகிறவள். அவளால் அதை எறிய முடியாது.

முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. இசைவாணி இந்தத் தடவை கரித்தூளையும் ஊதா பேஸ்ட்டையும் தூரப் போட்டுவிட்டு, அந்தத் துண்டை மட்டும் எடுத்து, சரியாகச் செய்தாள். அம்மாவின் பல்லைத் துணியால் துடைத்து ஈரம் போக்கி, ஈறில் படாமல் ஒட்டி, விரலால் நீவிவிட்டாள். அரைமணி நேரம் ஆனதும் எடுத்து, கொப்பளிக்கச் சொன்னாள். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். டீ கிடையாது. குழம்பில் மஞ்சள்தூள் கிடையாது.

“மஞ்சத்தூள் போடாத கொழம்பு வெச்சா உங்கப்பா சட்டிய எட்டி ஒதைப்பாருடி.”

“அவருக்குத் தனியா வெய்யி. நமக்கு மோர் சோறு போதும்.”

துண்டு ஒட்டியிருக்கிற நேரத்தில் அக்காவால் பேச முடியாது. மாசிலாமணி கூப்பிட்டால், “ம்ம்” என்பாள். அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்னா, வாய்க்குப் பிளாஸ்டரா? நல்ல சாமானாத்தான் கீது. தெனமும் போட்டுக்கோ” என்றார். அக்காவும் தினமும் போட்டுக்கொண்டாள். பாவம், அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் நான் அக்காவை நிம்மதியாகப் பார்த்தேன்.

ஆடி பிறந்தது. கோயிலில் ரேடியோ குழாய் கட்டினார்கள். கூழ் ஊற்றுகிற வெள்ளிக்கிழமை, கேப்பைக் கூழும் முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அக்கா ஏதோ சொல்லிச் சிரித்தாள். இந்த முறை வாயை மூட மறந்துவிட்டாள். இசைவாணி கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

“யம்மா, இரு இரு. வாயத் தொற.”

பல்லெல்லாம் நன்றாக வெளுத்திருந்தது, பொய் சொல்லக்கூடாது. மேல் வரிசையில், முன்பல் இரண்டில் ஒன்று மட்டும் மஞ்சளாக நின்றது. இத்தனை நாள் பக்கத்துப் பற்களோடு பற்களாக இருந்தது. மற்றதெல்லாம் வெளுத்ததும் அது தனியாகத் தெரிந்தது. வாசலில் இருந்து பார்த்தாலே தெரியும்.

“அதுல சரியா ஒட்டலையா?” என்றாள் இசைவாணி. விரலால் தேய்த்துப் பார்த்தாள். செல்போனை எடுத்து எதையோ தேடினாள். “யம்மா, கேப் போட்ட பல்லு வெளுக்காதாம். அது என்னிக்கும் ஒரே கலர்லதான் இருக்குமாம். இது கேப்பா? உனக்கு இது கட்டின பல்லா?”

அக்கா தலைப்பை இழுத்து வாயை மூடினாள்.

“எனக்குத் தெரியவே தெரியாதே! எப்ப கட்டின?”

“நீ கைக்கொழந்த அப்ப. மேல்மலையனூரு அமாவாசைக்குப் போயிட்டு வரும்போது, கூட்டத்துல பஸ்ல ஏறச்சொல்ல விழுந்துட்டேன். பல்லு போயிடுச்சு.”

மனப்பாடம் பண்ணின மாதிரி வந்தது. நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். அவள் கூழில் உப்பு பற்றவில்லை என்று எழுந்து போய்விட்டாள்.

அன்று சாயந்திரம் கரண்ட் போயிருந்தது. ஊரே அமைதியாக இருந்ததால் சுவர் இன்னும் தெளிவாகப் பேசியது. இசைவாணி கோயிலுக்குப் போயிருந்தாள்.

“என்னாடி பண்ணி வெச்சிருக்கிற? என்னா இது? சிரி. சிரிடீன்றேன்.” மாசிலாமணியின் குரல். “தூ! பேஜாரு புடிச்சவளே! அது ஒண்ணு மட்டும் துருத்திக்கினு தெரியுது.”

“நீங்கதான தெனமும் போட்டுக்கோன்னீங்க.”

“எதுத்தா பேசற? இன்னும் பத்து நாள்ல சம்பந்தி வர்றாங்க. ஊரு கேக்கும், அவங்க கேப்பாங்க. என்னா சொல்லுவ?”

“நீங்களே சொல்லிக் குடுங்க. அன்னிக்கும் நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. மேல்மலையனூரு, அமாவாச, பஸ்ஸு. எல்லாம் உங்க வாயில வந்ததுதான.”

என் கையில் இருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது. மூன்று வருஷத்தில் அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்து அக்கா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் அவர் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் வாங்கிவந்தார். எதிரில் உட்காரவைத்து மெல்லும்படி சொன்னார். “மென்னு துப்பு. மறுபடி மெல்லு. டீத்தூள் போட்டுக் கொப்பளி. பழையபடி மஞ்சளாவணும்.” அக்கா மென்றாள். அவர் கமிட்டிக்குக் கிளம்பியதும் என் வீட்டுக் குழாயடிக்கு வந்து, வாய் முழுக்கச் சிவப்போடு குனிந்து, பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துக் கொப்பளித்தாள். மனுஷனா அவன்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஓடிப்போய் கமிட்டியில் வைத்தே கேட்டிருப்பேன். அக்காதான் கையைப் பிடித்தாள்.

வெற்றிலை வேலைக்காகவில்லை என்றதும் மாசிலாமணி வேறு வழி சொன்னார். டவுனுக்குப் போய் அந்தப் பல்லையே மாற்றி வெள்ளையாகக் கட்டிக்கொண்டு வந்துவிடு என்றார். துணைக்கு என்னை அனுப்பினார்.

திண்டிவனத்தில் மாடிப்படி ஏறிப் போகிற சின்ன கிளினிக். டாக்டர் சின்னப் பெண், கலைமதி என்று பெயர்ப்பலகை. வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்துப் பார்த்தாள்.

“கேப் போட்ட பல்லை மாத்திடலாம்மா. ஆனா இப்ப உடனே வேணாம். வெளுத்த கலர் ரெண்டு வாரத்துல கொஞ்சம் எறங்கும். அது நின்னப்புறம் கலர் பாத்துக் கட்டினாத்தான் ஒண்ணா இருக்கும். இது ரொம்ப வருசத்துக்கு முன்னாடி கட்டினது போல. எப்படி ஒடஞ்சது?”

அக்கா என்னைப் பார்த்தாள். டாக்டர் திரும்பக் கேட்டாள். பொய் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்திருக்கும். அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அப்பால வர்றேன்மா.”

பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ் கிளம்ப நேரம் இருந்தது. வெயில் தகரக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவன் அவித்த மல்லாட்டை விற்றான். நான் ஒரு பொட்டலம் வாங்கினேன். அக்கா விரலால் பிளந்து, பருப்பை ஓரத்துப் பல்லுக்குக் கொண்டுபோனாள்.

“களியில கட்டி தட்டிப்போச்சு அம்சா. அவ்ளோதான் விசயம்” என்றாள்.

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

“கொழந்த அழுவுதுன்னு துடுப்ப வெச்சிட்டுப் போனேன். கேப்பக் களி, விட்டா கட்டி தட்டாதா? தட்டுல வெச்சேன். எடுத்துப் பாத்தாரு. பக்கத்துல தண்ணிச் சொம்பு இருந்துச்சு, வெங்கலச் சொம்பு. அதால வாயிலயே வுட்டாரு. அப்புறம் அவரே பயந்துக்கினு டாக்டராண்ட அழைச்சினு போனாரு. வழியெல்லாம் சொல்லிக் குடுத்துக்கினே வந்தாரு. பஸ்ல ஏறச்சொல்ல விழுந்தேன்னு சொல்லு, பஸ்ல ஏறச்சொல்ல விழுந்தேன்னு சொல்லு.”

“அப்புறம் அடிச்சாராக்கா?”

“அடிக்கல. அடிக்க வேண்டிய அவசியமே வரல. நான்தான் வாயத் தொறக்கலயே.” பொட்டலத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள். “அதத்தான் அவரு ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கினு திரியறாரு.”

பஸ் வந்தது. வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். “இசைவாணிகிட்ட சொல்லிடுக்கா” என்றேன். அவள் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டில் போய், பல் மாற்ற நாளாகும் என்று சொன்னதும் மாசிலாமணி குதித்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். “அவங்க வர்றன்னிக்கு நீ கூடத்துக்கே வராத. அடுப்பாண்டயே இரு. டீ, வடையெல்லாம் அம்சா எடுத்தாரட்டும். வந்தாலும் வாயத் தொறக்காத.”

இப்படித்தான் சம்பந்தி வீட்டார் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன்.

கண்டாச்சிபுரத்திலிருந்து காரில் வந்தார்கள். மாப்பிள்ளை தென்னரசு, அவன் அம்மா முனியம்மாள், அவன் தாய்மாமன் கிருஷ்ணசாமி. தென்னரசு இஸ்திரி கலையாத சட்டையில் செல்போனைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தான். இசைவாணி சுவரோரம் நின்றாள். அவளைக் கேட்காமலேயே அவள் பையைக் கட்டி வாசற்படியோரம் வைத்திருந்தார் அவள் அப்பா.

“மச்சான் நாயஸ்தரு. நாங்க என்னா சொல்லப் போறோம், நீங்களே சொல்லுங்க” என்றார் கிருஷ்ணசாமி.

“பொண்ணுக்கு வாயி நீளம் சம்பந்தி” என்றாள் முனியம்மாள். “ஒண்ணு சொன்னா ஒம்போது சொல்றா. ஆம்பளப் புள்ள, வேலைக்குப் போயிட்டு வர்றான், கோவத்துல லேசா தட்டிட்டான். அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கெளம்பி வந்துட்டா. எங்க தெருவுல என்னா பதில் சொல்றது?”

“லேசா இல்ல” என்றாள் இசைவாணி.

“நீ சும்மா இரு” என்றார் மாசிலாமணி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பஞ்சாயத்துக் குரல் வந்துவிட்டது. “மாப்ள, இங்க பாருங்க. கை நீட்டறது தப்பு. நான் மறைக்கல, மூஞ்சிக்கு நேராவே சொல்றேன். எங்க வூட்ல இத்தினி வருசத்துல ஒரு நாளு நான் கை ஓங்கனது கெடையாது. அதுக்கு என்னா காரணம்? நானும் பொறுத்துப் போனேன், அவளும் பொறுத்துப் போனா. வேணும்னா உள்ள கீறா, கேட்டுப் பாருங்க. அதே மாதிரி எம்பொண்ணும் இனிமே பொறுத்துப் போவா. எம்மா, பையை எடு. கெளம்பு.”

நான் டீத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து அக்கா வந்து என் கையிலிருந்து தட்டை வாங்கினாள். தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். வாயை மூட அது இல்லை.

நேரே முனியம்மாளிடம் போய்த் தட்டை நீட்டி, “வாங்க சம்பந்தி, டீ எடுத்துக்குங்க” என்று சிரித்தாள். வாய் நிறையச் சிரித்தாள்.

முனியம்மாள் டீயை எடுக்காமல் பார்த்தாள். பெண்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகுமா? “என்னா சம்பந்தி, பல்லெல்லாம் பளிச்சுனு கீது? அது என்னா அந்த ஒண்ணு மட்டும் மஞ்சளா?”

“பிரபா, உள்ள போ” என்றார் மாசிலாமணி.

“அது எம்பல்லு இல்ல சம்பந்தி” என்றாள் அக்கா. “எம்பல்லு எல்லாம் வெளுத்துடுச்சு. இது அவரு வெச்சது. ஒடச்சதும் அவருதான், கட்டி வெச்சதும் அவருதான். கேட்டுப் பாருன்னாரு இல்ல, அதான் வந்து சொல்றேன்.”

முனியம்மாள் திரும்பி மாசிலாமணியைப் பார்த்தாள்.

“ஏய்!”

மாசிலாமணி எழுந்துவிட்டார். வலது கை காதுக்கு மேலே போய்விட்டது. அத்தனை பேருக்கும் நடுவில், வெள்ளைச் சட்டையோடு, ஓங்கின கையோடு நின்றார். அவராகவே அந்தக் கையைப் பார்த்தார். பிறகு இறக்கினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் இருந்த பேனாவைத் தொட்டுக்கொண்டார்.

முதலில் பேசியது தென்னரசுதான். அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “அப்ப எல்லா வூட்லயும் நடக்கறதுதான். எனக்கு மட்டும் எதுக்கு மாமா நாயம் சொன்னீங்க?”

“அதானே” என்றாள் முனியம்மாள். அவளுக்கும் தெம்பு வந்துவிட்டது. “எங்க காலத்துல நாங்க படாததா? இவ்ளோ பட்டும் சம்பந்தி குடும்பம் நடத்தலயா? பொம்பளன்னா அப்படித்தான் இருந்தாவணும்.”

பாவிகளா! நான் தட்டையாவது தூக்கி அடித்திருப்பேன். என் கையில் தட்டு இல்லை, அது அக்காவிடம் இருந்தது. அக்கா அதை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

“ஆமா மாப்ள. எல்லா வூட்லயும் நடக்குது. நானும் இருந்துட்டேன்” என்றாள். மகள் பக்கம் திரும்பினாள். “அன்னிக்கு நீ எம்மடில இருந்தடி. பால் குடிச்சினு இருந்த. ரத்தம் உஞ்சட்ட மேலதான் ஊத்துச்சு. மஞ்ச சட்ட, எங்கம்மா எடுத்துக் குடுத்தது. தொவச்சுத் தொவச்சுப் பாத்தேன், போவல, அடுப்புல போட்டேன். உனக்குத் தெரியக்கூடாதுன்னு இருந்தேன். தெரியாம வளத்ததாலதான் இன்னிக்கு உங்கப்பாவ நம்பிக்கினு இங்க வந்து நிக்கற. நான் பொறுத்துப் போனேன்னு சொல்லித்தான உன்னையும் போவச் சொல்றாங்க? நான் பொறுத்துப் போவல. பயந்துக்கினு இருந்தேன். நீ போவ வேணாம்.”

இசைவாணி அழவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வர்ணிக்க மாட்டேன். மாசிலாமணி அதைத் தாங்க முடியாமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நடந்துபோய், வாசற்படியோரம் இருந்த பையைத் தூக்கினாள். தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கிருஷ்ணசாமிதான் முதலில் எழுந்தார். அந்த மனிதருக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தது. “வாக்கா, போலாம்” என்று தங்கள் ஆட்களைக் கிளப்பினார். தென்னரசு போகும்போது, “நல்ல குடும்பம்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். அக்கா வாசல்வரை வந்தாள்.

“உங்குடும்பத்தவிட நல்லதுதான்” என்றாள்.

பிறகு வழக்கமானதெல்லாம் நடந்தது. தெரு பேசியது. கமிட்டியிலும் பேசினார்கள். மாசிலாமணியை இப்போது யாரும் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவதில்லை. போன மாதம் அம்மணி வீட்டில் சண்டை வந்தபோது அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்துவிட்டார். வசவும் குறைந்துவிட்டது. இசைவாணி திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போகிறாள். ஈறு ஆறிவிட்டது. தென்னரசு மேல் கேஸ் போட்டிருக்கிறாள், அது நடக்கிறது. கண்டாச்சிபுரத்திலிருந்து சமாதானம் பேச ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒன்றும் லேசில் முடிகிற விஷயம் இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அக்கா ஜாக்கெட் அளவு கொடுக்க என் வீட்டுக்கு வந்தாள். நாள் போயும் மற்ற பற்கள் பெரிதாக மங்கவில்லை. அந்த ஒன்று மட்டும் அப்படியே மஞ்சளாக நின்றது. எனக்குத்தான் கண்ணை உறுத்தியது.

“டாக்டரம்மா ரெண்டு வாரத்துல வரச்சொன்னாங்களேக்கா. எப்பதான் போவ? இசைவாணிகூட மாத்திக்கச் சொல்லிக்கினு இருக்கிறா இல்ல?”

“மாத்தலாம், மாத்தலாம். அவரும்தான் தெனமும் சொல்றாரு, மாத்திட்டு வா, மாத்திட்டு வான்னு. கெஞ்சறாரு அம்சா.” கையைத் தூக்கி நின்றாள், நான் டேப்பைச் சுற்றிப் பிடித்தேன். “இப்ப என்னா அவசரம்? கொஞ்ச நாளு போவட்டும்.”

“எதுக்குக்கா வெச்சினு இருக்கிற?”

“நான் ஒண்ணும் பண்றதில்ல. தெனமும் சோறு போடச்சொல்ல, எதிர்ல நின்னுக்கினு ஒருவாட்டி சிரிக்கிறேன். அவ்ளோதான். அவரு குனிஞ்சிக்கினே சாப்புட்டு எழுந்து போறாரு” என்றாள் அக்கா. “கை கொஞ்சம் லூசா வெய்யி, போன ஜாக்கெட்டு இறுக்குச்சு.”